கறுப்பு வில்லை

"வீரபாண்டி மாரியாத்தா மேல சத்தியமா, நான் குங்குமம் வைக்கல ஆத்தா" என்றாள் கஸ்தூரியம்மாள்.

மகள் நாகஜோதி நம்பவில்லை. பழனிசெட்டிபட்டியில் அவர்கள் வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் சரி, ஹால் டிக்கெட் வந்தாலும் சரி, அம்மா குங்குமம் வைக்காமல் விட்டதில்லை. இந்தத் தடவை வைத்தது பிஎச்.டி.யின் நெற்றியில்.

லாந்தனம், மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து சுட்டு, மாத்திரை அளவில் கறுப்பு வில்லைகள் செய்திருந்தாள் நாகஜோதி. பெரோவ்ஸ்கைட் என்கிற படிக வகை. குளிரில் காந்தமாகும்; சூடேறினால் காந்தம் போய்விடும். நாலாபக்கமும் அழுத்திப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் சூடு வரை தாங்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அழுத்தி அளக்கும் கருவி பெங்களூரில் இருந்தது. போன மாதம், வில்லை டப்பாவோடு ஒருநாள் வீட்டில் தங்கிவிட்டுத்தான் அங்கே போனாள்.

அங்கே அளந்தபோது, காந்தம் முழுசாகப் போயிருக்க வேண்டிய சூட்டிலும் கொஞ்சம் மிச்சம் நின்றது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று தலைகால் புரியவில்லை அவளுக்கு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வில்லையின் அடியில் குங்குமம். அதில் கலந்திருந்த காவிக்கல் பொடியில் இரும்பு. அளந்ததெல்லாம் வீண். கையைக் காலைப் பிடித்து அந்தக் கருவியில் மறுபடி நேரம் வாங்கி, இன்று இன்னொரு வில்லையோடு கிளம்புகிறாள். இதுவும் கெட்டால் இந்த வருடம் ஆய்வேடு கொடுக்க முடியாது.

"தொடாதனு நீ சொன்ன பெறகு அந்த டப்பா பக்கமே நான் போகலையே" என்று அம்மா கண்ணைக் கசக்கினாள்.

நாகஜோதிக்குப் பாவமாகப் போயிற்று. அம்மாவைக் கட்டிக்கொண்டு, என் நல்லதுக்குத்தானே செய்தாய், போகட்டும் விடு என்றாள். செய்யவே இல்லை என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

அப்பா கர்ணன் லேத் பட்டறையிலிருந்து வந்தார். கறுப்புச் சட்டைக்காரர். கல்யாணத்தையே ஐயர் இல்லாமல் மாலை மாற்றி முடித்தவர். மனைவி குங்குமச் சிமிழை எடுத்தாலே, மிக்ஸிக்குச் சாமி வந்து ஆடப்போகிறது என்று கேலி செய்வார். இன்று அதிசயமாக வாயே திறக்கவில்லை. மகளின் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

தேனி பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்த பிறகும் அவர் இறங்கவில்லை. மகள் மடியில் இருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் ஊதினார்.

"என்னப்பா?" என்றாள் நாகஜோதி.

கர்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். கறுப்புச் சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"உங்கம்மாவ வையாத ஆத்தா, அவ பாவம். இந்தத் தடவ திருநீறுதான் வாங்கியாந்தேன். இதுல இரும்பு இருக்காதுல்ல?"