அம்மிக்கடியில் ரோஜா

"மார்கழியில யாராச்சும் கல்யாணம் கட்டுவாங்களா?" என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளே சிரித்தன. பூரணியும் அழகனும் கட்டினார்கள். அட்டன் டவுனில் பதிவு, கழுத்தில் பங்களாத் தோட்டத்து ரோஜா மாலை.

பனியில் கொழுந்து கருகியதால் அரை நாள்தான் வேலை. பூரணி ரோஜாக்களைப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, அடுப்படியில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றினாள்.

"பத்து நாளா அரைச்ச கொழம்பு இல்ல. பூவையா திங்கிறது?" என்றான் அழகன் ஒரு நாள்.

"தை பொறக்கிற வரைக்கும் அம்மியத் தொட்டீங்க, அவ்வளவுதான்!"

"புதுப்பொண்ணுக்குக் கோவத்தப் பாரு!" என்று பக்கத்து வீட்டுக் காத்தாயி சீண்டினாள்.

தை மூன்றாம் நாள் நோட்டன் பிரிட்ஜிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். குழம்புக்கு அரைக்க வேண்டுமே! பூரணி கல்லைப் புரட்டினாள். ஓர் இதழ்கூட உதிராமல் ரோஜாக்கள் தாளோடு தாளாகக் கிடந்தன.

வந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏதுங்க இந்தப் பூ?"

"எங்க கல்யாண மாலைப் பூவுங்க."

"கல்யாணமாகி எத்தன வருசமாச்சு?"

"இருபத்தாறு நாளுங்க."

அந்த அம்மாள் வாயில் கை வைத்தாள். அவள் வந்ததோ, பூரணியின் மூத்த மகளைப் பெண் பார்க்க!

அழகன் பதறினான். "பிரஜாவுரிமைக்குக் கல்யாணப் பதிவு கேட்டாங்கம்மா. இருவது வருசத்துக்கு முந்திக் கட்டுனதுக்குப் பதிவுத் துண்டு ஏது?"

"அப்ப மழையில மாலையே வந்து சேரல," என்றாள் பூரணி. "அதான் இத விட மனசில்ல."

அந்த அம்மாள் ரோஜாக்களையே பார்த்திருந்துவிட்டுத் தன் கணவரிடம் திரும்பினாள்.

"ஏங்க, நமக்கும் பதிவு இல்லையே. மகன் கல்யாணம் இருக்கட்டும், மொதல்ல நம்ம கல்யாணத்துக்கு நாள் பாருங்க!"