கேம்ஷாஃப்டின் பந்தயம்

மலைப்பாதைப் பந்தயத்தில் அந்தக் கார் கடைசியாக வந்தது. எஞ்சினுக்குள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு அவமானம் தாங்கவில்லை. பட்டறைக்குப் போய்ச் சாணை இயந்திரத்தின் முன் படுத்தது.

"வால்வு இன்னும் அதிகமாகத் திறந்து, எஞ்சினுக்குக் காற்று நிறையப் போய் வேகம் கூடுகிற மாதிரி என்னைச் செதுக்கு."

"உடம்பு தேயும், பரவாயில்லையா?"

"தேயட்டும். ஜெயித்தாக வேண்டும்."

அது திரும்பி வந்ததைப் பார்த்து, வால்வை மூடுகிற ஸ்பிரிங் பயந்தது. "இவ்வளவு தூரம் அழுத்தினால் உடைந்துபோவேன், அண்ணே. என்னைவிடக் கெட்டியான ஆளைப் போடச் சொல்லுங்கள்."

"அதற்கெல்லாம் நேரமில்லை தம்பி. தாங்கிக்கொள்."

அடுத்த பந்தயத்தில் கார் எல்லாரையும் முந்தியது. கடைசி வளைவில் ஸ்பிரிங் உடைந்தது. எஞ்சின் நின்றுபோனது.

புதிதாக வந்த ஸ்பிரிங் கேட்டது. "எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் எங்கே, அண்ணே?"

"அவனுக்கு ஜெயிக்கிற எண்ணமே இல்லை" என்றது கேம்ஷாஃப்ட். "நீ எப்படி?"