நாற்பத்திரண்டாவது இலை

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் வெற்றிச்செல்வி அப்பாவின் போனை எடுத்தாள்.

ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. பூட்டு கிடையாது. 'எம் புருஷனுக்கு ஒளிச்சு வைக்க ஒன்னும் இல்ல' என்று அம்மா தெருவுக்கே சொல்லியிருக்கிறாள்.

திரையில் அந்தச் செடி. நாற்பத்தோரு இலைகள்.

செடிக்குக் கீழே அன்றைய கேள்வி: 'நேற்று எப்படி?' அதற்குக் கீழே பச்சையாக, பெரிதாக, 'புகைக்கவில்லை'. இன்னும் கீழே, சாம்பல் நிறத்தில் சின்னதாக, 'புகைத்தேன்'.

தினமும் காலையில் அப்பா குளித்து, சாமி படத்தைக் கும்பிட்டு, பச்சையை அமுக்குவார். புது இலை ஒன்று விரியும். போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த நிகோடின் சூயிங்கத்தை நாலு மெல்லு மென்று, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டக் கிளம்புவார்.

பிப்ரவரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லாரியிலேயே சாய்ந்தவர் அவர். திருச்சியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்தார்கள். இனி ஒரு சிகரெட் பிடித்தாலும் பொறுப்பில்லை என்றார் டாக்டர். சிகரெட்டை விட உதவும் என்று இந்தச் செடி ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்ததும் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான்.

அப்பா பிழைத்ததில் செல்விக்கு சந்தோஷம்தான். ஆனால் செடி?

இரண்டு வருடங்களுக்கு முன், கல்லங்குறிச்சி கோயில் தேரன்று, அத்தனை கூட்டத்தில் அவள் அழுது கேட்டதற்காக, அப்பா அவள் தலையில் கை வைத்து சத்தியம் செய்தார். இனித் தொடமாட்டேன் என்று.

மூன்று நாள். நாலாம் நாள் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது அவளுக்கு சிகரெட் வாடை வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

என் தலைக்கு மூணு நாள். இந்தச் செடிக்கு நாப்பத்தொன்னு.

டீக்கடையில் எல்லோருக்கும் போனைத் தூக்கிக் காட்டுகிறார். "இது எனக்கு ரெண்டாவது பொண்ணுய்யா. தெனம் காலையில நிக்க வச்சுக் கேள்வி கேக்குது." பால் வாங்கப் போன செல்வி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

போன வாரம் பெரம்பலூரில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் சர்டிபிகேட்டோடு ஓடி வந்தாள்.

"இரு பாப்பா. மூச்சு விடச் சொல்லுது."

திரையில் ஒரு வட்டம் பெரிதாகி, சிறிதாகி, பெரிதாகிக்கொண்டிருந்தது. அப்பா அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சர்டிபிகேட் இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது அந்தச் சாம்பல் நிறத்தை அமுக்கினாள்.

'உறுதியாகவா?' என்று கேட்டது.

ஆமாம்.

இலைகள் மொத்தமாக மறையும் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நாற்பத்தொன்றும் விழுந்து முடிய வெகுநேரம் ஆனது போலிருந்தது. கடைசியில் மொட்டைக் குச்சி. பூஜ்யம். அதன் கீழே, 'பரவாயில்லை, மறுபடி தொடங்கலாம்.'

திட்டக்கூட இல்லை அந்தச் சனியன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து சடையைப் பின்னத் தொடங்கினாள். பின்னல் நழுவிக்கொண்டே இருந்தது. கேட்டால் போன் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட வேண்டும்.

அப்பா ஈரத் துண்டோடு வந்தார். சாமி படத்தைக் கும்பிட்டார். போனை எடுத்தார். திரைக்குப் போன கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

கத்துவார் என்று காத்திருந்தாள்.

கத்தவில்லை. அம்மா இருந்த அடுப்படியை ஒருமுறை பார்த்தார். மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பாப்பா..." குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. "இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவளுக்குப் புரியவில்லை.

"லோடு ஏத்துற எடத்துல, தெனம் ஒன்னே ஒன்னுதான். அதுவும் இந்தப் போனை வண்டியிலயே வச்சுட்டுத்தான் எறங்கிப் போவேன்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, செல்விக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. இதையும் ஏமாற்றியிருக்கிறார். என் தலையைப் போலவே இதையும்.

அடுத்த நொடி, ஈரத் துண்டுக்கு மேலே அவர் நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணில் பட்டது. அதற்குள்ளேதான் அந்த ஸ்பிரிங் இருக்கிறது.

"இனிமே இல்ல பாப்பா. சத்தியமா..." அவர் கை அவள் தலையை நோக்கி எழுந்தது.

பாதி வழியிலேயே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்களுக்கடியில் நாடி துடித்தது. வேகமாக. அவள் விடவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "ஏய் செல்வி, நாப்பத்திரண்டு வந்துடுச்சா? உங்கப்பா சத்தத்தையே காணோம்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா," என்றாள் செல்வி. "இன்னிக்குத்தான் மொத நாளு."