மெத்தை டவுசர்

"முன்னாடி சாயுங்கன்னா பின்னாடி சாயறீங்களே வெர்ன்! தினமும் இதே கூத்துதானா?"

சிவப்புப் பொத்தானை அழுத்தி நாற்காலி லிஃப்டை நிறுத்திவிட்டு, தன் சின்ன மர அறையிலிருந்து ஓடி வந்தாள் நோரீன். கம்பியில் தொங்கி மலையேறி வந்துகொண்டிருந்த நாற்காலிகள் ஒரு குலுக்கலோடு நின்றன. இறங்கும் சரிவில், ஒரு காலில் மாட்டிய பனிச்சறுக்குப் பலகையோடு மல்லாந்து கிடந்தார் வெர்ன். அறுபதைத் தாண்டியவர். சின்னஞ்சிறுசுகள் ஏறும் பலகையில் இவருக்கு என்ன வேலை என்று அடிவாரத்தில் கேலி பேசாத ஆள் கிடையாது.

"அடி பட்டுச்சா?"

"எங்கேர்ந்து படும்?" பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். பொத் பொத்தென்று சத்தம் வந்தது. "உள்ளே மெத்தை வெச்ச டவுசர் போட்டிருக்கேன். முன்னே விழுந்ததுக்கெல்லாம் ராத்திரி குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன். இப்போ சோபாவுல உக்கார்ற மாதிரி இருக்கு."

"அதானே பார்த்தேன்! பின்னாடி திடீர்னு ரெண்டு சுத்து பெருத்துட்டீங்களேன்னு நெனச்சேன்."

கை கொடுத்துத் தூக்கினாள். லிஃப்ட் மறுபடி ஓடத் தொடங்கியது. மூச்சு வாங்கட்டும் என்று வழக்கம்போல அவள் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார் வெர்ன். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி. பாதியைப் பிட்டு அவளிடம் நீட்டினார். அவள் உள்ளே போய் கெச்சப் பாட்டிலை எடுத்து வந்தாள்.

"அடக் கண்றாவியே! பாஸ்டிக்குக் கெச்சப்பா? உங்களை ஊரை விட்டே தள்ளி வைக்கணும்."

"கிரேவி ஊத்தி ஊற வெச்சுத் தின்கிறவங்க ரொம்ப யோக்கியமோ?"

சாப்பிட்டு முடித்ததும் கையசைத்துவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே பைன் மரங்கள் அவரை மறைத்துவிட்டன. அதற்கப்புறம் அவர் எத்தனை முறை உருண்டு புரண்டு கீழே போய்ச் சேருகிறாரோ, நோரீனுக்குத் தெரியாது.

மலை உச்சியில் நாள் முழுக்க அவள் ஒருத்திதான். வருகிறவர்கள் முகக்கவசமும் கண்ணாடியுமாக இறங்கி, நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். காலை வணக்கம் சொன்னால் சுப்பீரியர் ஏரிக் காற்றுதான் அதை வாங்கிக்கொள்ளும். வீட்டுக்குப் போனாலும் பேச்சுத்துணைக்கு டி.வி.தான். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததாக நினைவில்லை.

இங்கே விழுகிறவர்கள் மட்டும்தான் அவளோடு பேசுவார்கள். அதிலும் நாள் தவறாமல் விழுகிறவர் வெர்ன் ஒருவர்தான். அவர் விழும்போதெல்லாம் பின்னால் வரும் நாற்காலி காலியாகவே இருக்கும். அதிர்ஷ்டக்கார மனிதர் என்று நினைத்துக்கொள்வாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. அடிவாரத்தில் ஆட்களை ஏற்றிவிடும் ரோஜர்.

"என்ன நோரீன், உங்க ஆளு மறுபடியும் கவுந்துட்டாரா?"

"கால் கொஞ்சம் வழுக்கிருச்சு. அவ்வளவுதான்."

"தினமும் லிஃப்ட் நிக்குதுன்னு மேனேஜர் கடுப்புல இருக்காரு. நாளைக்கும் விழுந்தா, குழந்தைங்க பழகுற சரிவுக்குத் துரத்திடுவாராம். மேலே வரவே விட மாட்டாங்க. உங்க ஆளுகிட்ட சொல்லிடுங்க."

மறுநாள் காலை, இறங்கும் சரிவில் கிடந்த பனியை நோரீன் வாரியால் சீவிச் சீவிச் சமமாக்கினாள். ஓர் இடத்தில்கூட மேடு பள்ளம் இல்லை. வேலை முடிந்ததும் வாரியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவர் விழுந்தால் கீழே அனுப்பிவிடுவார்கள். விழாமல் இறங்கிவிட்டால், மற்றவர்களைப் போல அவரும் நிற்காமல் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் இன்றோடு அந்த பெஞ்ச் காலிதான். அதை நினைக்கவே அவளுக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் அந்த மனிதரை ஊர் சிரிக்கக் குழந்தைகளோடு நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

வழக்கமான நேரத்துக்கு வெர்ன் வந்தார். நாற்காலி நெருங்கியது. நோரீன் சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"முட்டியை மடக்குங்க வெர்ன்! காலைப் பார்க்காதீங்க, நேரே பாருங்க!"

அவர் எழுந்தார். கொஞ்சம்கூடத் தள்ளாடவில்லை. சரிவில் அழகாக வழுக்கி இறங்கி, பலகையை வளைத்துத் திருப்பி, பனித்தூள் தெறிக்க அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

நோரீன் கைதட்டினாள். கையுறைக்குள் சத்தமே எழவில்லை.

"கத்துக்கிட்டீங்களே!" என்றாள். "ரொம்ப சந்தோஷம் வெர்ன். இனிமே உங்களைத் தூக்கிவிட ஆள் வேண்டாம். போங்க, நின்னுக்கிட்டிருக்காதீங்க. பின்னாடி ஆள் வருவாங்க."

வெர்ன் போகவில்லை. திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார்.

"என்ன பண்றது நோரீன்? நேத்து துவைச்சுப் போட்ட மெத்தை டவுசர் இன்னும் காயலை. அது இல்லாம விழுந்தா வலிக்குமே!"