ஒன்பது ஸ்லைடு

"யாரைக் கேட்டுடா கை வச்ச?"

காரிடாரே திரும்பிப் பாத்துச்சு. க்ளாஸ்ல அவளுக்கு 'சரவெடி'ன்னு சும்மா பேர் வைக்கல.

எதிர்ல நின்னவன் 'மியூட்'. அவனுக்கு வாய் இருக்குன்னு சாப்பிடும்போதுதான் தெரியும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ப்ராஜெக்ட். உள்ள போக அஞ்சே நிமிஷம். அப்பதான் லேப்டாப்பைத் தொறந்து காட்டுறான் மகராசன்.

"முப்பத்திரண்டு ஸ்லைடு பண்ணி வச்சிருந்தேன். ஒன்பதுதான் இருக்கு! மீதியைத் தின்னுட்டியா?"

"எழுத்து ஜாஸ்தியா இருந்துச்சு..."

"எழுத்து இல்லாம நான் எதைப் பாத்துப் படிக்கிறது? உன் மூஞ்சியையா? ஒவ்வொரு வரியும் சுத்திச் சுத்தி வந்து விழுமே, அந்த அனிமேஷன் எங்க?"

"எடுத்துட்டேன்."

"உன்னையும் எடுத்திருக்கணும். முதல் நாளே எடுத்திருக்கணும்!"

மியூட் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கதவு தொறந்துச்சு. "அடுத்த குழு வாங்க."

உள்ள மார்க் போட புரொபசரோட சேர்த்து மூணு பேர். அதுல ரெண்டு பேர் செல்போன்ல தலையை விட்டிருந்தாங்க.

முதல் ஸ்லைடுல ஒரே ஒரு படம். கால்ல மாவுக்கட்டோட ஒருத்தர் வெயில்ல நடந்து போறார். கீழ ஒரு வரி: 'பஸ் ஸ்டாப்ல இருந்து ஆஸ்பத்திரி வாசல் 900 அடி.'

அவ்வளவுதான். படிக்க ஒண்ணுமில்ல. சரவெடிக்குக் காரிடார் கோவம் இன்னும் தொண்டையிலேயே நின்னுச்சு. அது அப்படியே கொட்டிடுச்சு.

"இந்த மனுஷன் என்ன பாவம் பண்ணார்? கால் ஒடிஞ்சவர் தொள்ளாயிரம் அடி நடக்கணும். பஸ் மட்டும் சொகுசா நிழல்ல போய் நிக்கணுமா? ஸ்டாப்பை எங்க வைக்கணும்னு முடிவு பண்ணவர் ஒரு நாளாவது நொண்டிக்கிட்டு நடந்திருப்பாரா?"

ரெண்டு செல்போனும் மேஜை மேல கவுந்துச்சு. ஒன்பதாவது ஸ்லைடு முடிஞ்சப்ப மூணு பேரும் கை தட்டினாங்க.

"பிரமாதம்மா! ஒரு படம், ஒரு வரி, மீதி எல்லாம் பேச்சு. ஸ்லைடு யாரு பண்ணது?"

"நான்தான் சார்."

எப்படி வந்துச்சுன்னு அவளுக்கே தெரியல. காது ரெண்டும் சுட்டுச்சு. மியூட் நிமிரக்கூட இல்ல, ஒயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தான்.

அப்புறம் ஆளுக்கொரு பேப்பர் குடுத்தாங்க. உன் பங்கு என்ன, கூட இருந்தவர் பங்கு என்னன்னு தனித்தனியா எழுதணும். ஒரு பொய் சொல்லியாச்சு, அதைக் காப்பாத்தணுமே. தன் பங்குன்னு பன்னெண்டு வரி எழுதினா. அவன் பங்குக்கு நேரா, 'ஒண்ணுமில்ல.'

மறுநாள் புரொபசர் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"இதை வச்சு மார்க் போட்டா அவன் இந்த வருஷத்தையே திரும்பப் படிக்கணும். தெரியுமாம்மா?"

"தெரி... தெரியும் சார்."

"ரெண்டு பேப்பரும் ஒத்துப்போகுது. நீயே பாரு."

மியூட்டோட கையெழுத்து. 'அவ பங்கு: எல்லாம். என் பங்கு: ஒண்ணுமில்ல.'

"நான்தான் சார்"னு சொன்னது அவன் காதுல விழுந்திருக்கு. அவன் உண்மையை எழுதினா இவ பொய் அம்பலமாயிடும். அதுக்காக ஒரு வருஷத்தைத் தூக்கிக் குடுத்துட்டுப் பேசாம போயிருக்கான். இவ அதை முந்திக்கிட்டுப் பிடுங்கியிருக்கா.

"சார், என் பேப்பரைக் குடுங்க."

பன்னெண்டு வரியையும் அடிச்சா. 'ஸ்லைடு அவன் பண்ணது. நான் பொய் சொல்லிட்டேன்'னு எழுதினா. நிமிர்ந்து அவர் முகத்தைப் பாக்க முடியல.

"நேத்தே தெரியும்மா. 'ஒண்ணுமில்ல'ன்னு தானே எழுதிக்கிறவனை நான் பாத்ததே இல்ல. கூப்பிட்டு விசாரிச்சேன். நீயா சொல்றியான்னுதான் பாத்தேன்."

தரை பிளந்தா உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தப்பு என்னோடதுதான் சார். ஆனா அவன் முந்தின நாளே காட்டியிருக்கலாம்ல? உள்ள போக அஞ்சு நிமிஷம் இருக்கும்போதா காட்டுவான்?"

"அதையும் கேட்டேன்"னார் புரொபசர். "'பாத்துப் படிச்சா அவ பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க சார். கோவத்துல பேசினா யாராலயும் கேக்காம இருக்க முடியாது. அதான் வாசல்ல நின்னு திட்டு வாங்கிக்கிட்டேன்'னான்."