நாமும் நாங்களும்

"நான் இருக்கேன்னே நினைக்காதீங்க டீச்சர், எப்பவும் போல நடத்துங்க" என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார் வகுப்பை ஆய்வு செய்ய வந்த அதிகாரி. அவர் போடும் மதிப்பெண்ணில்தான் டீச்சரின் வேலை நிரந்தரமாக வேண்டும்.

தமிழைப் புதிதாகக் கற்கும் பெரியவர்களின் வகுப்பு அது. இருவர் இருவராகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் தன் ஜோடியான சமையல்காரரிடம் கேட்டாள்.

"புது வீடு பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. அடுத்த மாசம் நாம அங்க குடி போறோம்."

நர்ஸ் விழித்தாள். டீச்சர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த ஜோடியிடம் நகர்ந்தார். மணி அடித்ததும் எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

"கோட்டை விட்டுட்டீங்களே டீச்சர்!" என்றார் அதிகாரி. "கேக்கிற ஆளையும் சேர்த்துக்கிட்டா 'நாம'. சேர்க்காம விட்டா 'நாங்க'. அந்தாளு 'நாங்க'ன்னுதானே சொல்லியிருக்கணும்? ஏன் திருத்தல? மார்க்கைக் குறைச்சுட்டேன்."

"திருத்தினா குடி கெட்டுடும் சார். அந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசத்தை நேத்துதான் என்கிட்ட கேட்டுக்கிட்டுப் போனார்."

அதற்குள் நர்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். பின்னாலேயே சமையல்காரர், முகமெல்லாம் வியர்வையோடு.

"டீச்சர், ஒரு சந்தேகம். 'நாம'ன்னா அதுல நானும் உண்டா?"

"நீங்க இல்லாம 'நாம' ஏதும்மா?"

நர்ஸ் சமையல்காரர் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

"குடி போறதுக்கு முன்னாடி நம்ம கல்யாணம் நடக்க வேண்டாமா?"

அதிகாரி குறைத்த மதிப்பெண்ணை அவசரமாகத் திருப்பிப் போட்டார்.

"பாடம் இவ்வளவு சீக்கிரம் பலிச்சு நான் பார்த்ததே இல்ல டீச்சர்!"