பழையதே வேகம்

"இனிமே அந்தக் கோடிங் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன் சார். போதும்" என்று ஷீலா டபராவை நங்கென்று வைத்தாள்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காபிக் கடை. அவளுக்கும் ஸ்ரீரங்கனுக்கும் பெருங்குடியில் ஒரே ஆபீஸ். ஆபீஸ் விட்டால் ஒரே பைத்தியம்: ஊர் உலகமே இலவசமாக உபயோகிக்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழியின் அடிப்படைக் கோடிங்கைத் திருத்துவது.

எதிரில் ஸ்ரீரங்கன் தன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் கோடிங் துண்டை, கூப்பிடும்போது நாம் கொடுக்கிற மதிப்புகளை அந்த மொழி வாங்கிக்கொள்ளும் விதத்தைத்தான் அவள் மாற்றியிருந்தாள். "கையில குடுக்கறதை எதுக்கு சார் பையில போட்டுக் கட்டி, மறுபடி அவுக்கணும்? நேரா கையிலயே வாங்கிக்கலாமே!" என்று ஆரம்பித்தவள், ராப்பகலாக உட்கார்ந்து எழுதியும் முடித்தாள். வேகத்தை அளந்து தீர்ப்புச் சொன்னவர் ஸ்ரீரங்கன். 'பழையதே வேகம்' என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதினார். கதை முடிந்தது.

"அந்தப் பழைய கோடிங் எவ்ளோ நேர்த்தி சார்! அதுல போய்க் கைய வச்சேனே, என்னைச் சொல்லணும். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு எழுதிட்டேன். மீன் விக்கிற எங்கம்மாகிட்ட, 'நான் எழுதினது உலகம் பூரா ஓடப்போவுது'ன்னு வேற பீத்திக்கினேன். மானமே போச்சு."

மானம் போனது யாருக்கென்று ஸ்ரீரங்கனுக்கல்லவா தெரியும்! கூனிக் குறுகிப்போனார்.

"ஷீலா, தப்பு என்னோடது. பழசை வேகமா ஓடற பில்டுல ஓட்டினேன். உன்னோடதை டிபக் பில்டுல ஓட்டிட்டேன்."

அவள் வாயைப் பிளந்தாள். டிபக் பில்டு என்பது தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே தயாரிக்கிற பதிப்பு; அடிக்கு அடி நின்று சரிபார்க்கிற ஆமை. அதில் ஓட்டினால் எதுவும் தோற்கும்.

"சரியா ஓட்டினா?"

"பாதி நேரத்துல முடியுது. இன்னிக்குத்தான் ஓட்டிப் பார்த்தேன். இதையும் எல்லாரும் பார்க்க எழுதிடறேன்."

"ஐயோ சார்!" கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு கீறீங்க? அவசரத்துல யாருக்கும் ஆவறதுதானே!"

அவசரமா? முதல்முதலில் ரிசல்ட்டைப் பார்த்தபோதே அவருக்குச் சந்தேகம் தட்டியது. திருப்பி ஓட்டிப் பார்க்கத்தான் மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது வெளியில் சொல்ல முடியாத வெட்கக்கேடு.

"நீ வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கணும்" என்றார், தலை நிமிராமல்.

"எல்லாரும் அதைத்தான் சார் சொன்னாங்க. 'பழசை எழுதினதே அவருதான், அவர்கிட்டப் போய் சோதிக்கக் குடுக்கறியே'ன்னு. 'எங்க சாரைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?'னு அவங்ககிட்ட சண்டை போட்டுட்டுதான் உங்ககிட்ட குடுத்தேன்."